அவள் கைக்கும் ஓட வேண்டும்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது புரட்டாசி பிறந்த வாரத்தில். துவைத்துக்கொண்டிருந்தபோதே, வயிறு முட்டத் தண்ணீரும் அதற்குள் என் மனைவியின் புடவைகளும் என் லுங்கிகளும் ஒரு ஜமக்காளமும் ஊறிக்கொண்டிருக்க, ஒரு முனகல்கூட இல்லாமல் அடங்கிவிட்டது.

“ஏங்க, இங்க வாங்க” என்று அவள் கூப்பிட்டாள்.

இந்தக் கூப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இது கேட்கும். வீடு காரிமங்கலத்துக்கு வெளியே, எங்கள் கொல்லை நிலத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. நான் சாமந்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாலும், தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாலும் அவள் குரல் வந்து சேரும். குரல் வருகிற விதத்திலேயே எது நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இழுத்துக் கூப்பிட்டால் மின்விசிறி. வெடுக்கென்று வந்தால் மிக்ஸி, ஏனென்றால் பாதிச் சட்னியில் அவளுக்குக் கோபம் அதிகம். அன்றைக்கு வந்தது இரண்டிலும் சேராத ஒரு குரல். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

முந்தின வருஷம் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தருமபுரியில் பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. களி கிண்டுகிறாள், பால் கறக்கிறாள், என்னை அடிக்கக் கை ஓங்குகிறாள். துணியைப் பிழிவதும் உள்ளங்கையை ஊன்றி அழுத்துவதும் மட்டும் முடியாது. முறுக்கினால் மணிக்கட்டு விண் விண்ணென்று தெறிக்கும், அப்புறம் இரண்டு நாள் டம்ளரைப் பிடிப்பதே கஷ்டம். அதற்கு முன்பு அந்த மெஷின் எங்களுக்கு ஒரு சௌகரியம். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சாமான்களோடு சாமானாக வந்து பின்கட்டில் நின்றது, அவ்வளவுதான். விழுந்த பிறகு அது அவளுடைய இன்னொரு கையாகவே ஆகிவிட்டது.

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். டவுனிலிருந்து பைக்கில் வந்தார். பிளக்கில் டெஸ்டரை வைத்தார். பட்டன்களை அமுக்கினார். ஒரு காதை மெஷினின் பக்கவாட்டில் வைத்துக் கேட்டார். அதற்குள்ளிருந்து என்ன கேட்டதோ தெரியாது.

“போர்டு போயிருச்சுங்க. இந்த மாடலுக்கு இப்ப போர்டே வர்றதில்ல. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க. கடையில நானே சொல்லி அனுப்பறன்.”

“தெறந்து பாக்கலீங்களே?”

“பாக்கணும்னே இல்லீங்க. இதுக்கெல்லாம் வயசாயிருச்சு.”

எனக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இனி ஓடாது என்று யாராவது சொன்னால் சுருக்கென்று கோபம் வரும். அதுவும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், செருப்பைக்கூட முழுசாகக் கழற்றாமல் சொன்னால் கேட்கவே வேண்டாம். எனக்கும் அந்த மெஷினைவிட நாலு மடங்கு வயசாகிறது, என்னையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றாள், ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மகள் ஓசூரிலிருந்து ஃபோனில் வந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்குப் போயிருந்தது. “ப்பா, நான் ஒண்ணு ஆர்டர் போட்டுடறன். அம்மா கையோட நிலைமை தெரிஞ்சும் என்னாத்துக்கு வீம்பு?” என்றாள்.

“நான் சரி பண்ணிடறன்” என்றேன்.

ஃபோனுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இந்தப் பக்கம் அதுவும் இல்லை. என் மனைவி ஃபோனை வாங்கி, “இரு, நான் பேசிட்டுக் கூப்புடறன்” என்று வைத்தாள். வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“புதுசு வேணாங்கறது நீங்க. அதனால அது ஓடற வரைக்கும் வூட்டுத் துணி மொத்தமும் உங்க பொறுப்பு. என் துணியும்தான்.”

“சரி.”

“இன்னொண்ணு. நீங்க ரிப்பேர் பண்ணுனதுல எது என் கைக்கு ஓடுது, சொல்லுங்க பாக்கலாம்.”

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள். மின்விசிறி ஓடும், ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் துடைப்பக் கட்டையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும், இடமிருந்து வலமாக. மிக்ஸி ஓடும், ஆனால் ஜாருக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே தீப்பெட்டி அட்டையைச் செருகி மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குளியலறைக் குழாயைத் தூக்கிப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். மொபெட்டை இடது பக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கும் சத்தம் கேட்ட பிறகு உதைக்க வேண்டும். எல்லாம் நான் சரி செய்தவை. எல்லாம் ஓடுகிறவை. என் கைக்கு.

“ஒவ்வொண்ணுக்கும் ‘ஏங்க, இங்க வாங்க’ன்னு கொல்லைக்குக் கேக்கற மாதிரி கத்திக்கிட்டே இருக்கறன். இந்த மெஷின் ஒண்ணுதான் பட்டன அமுக்குனா தானா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா அத நீங்க தொடல. இப்பத் தொடப் போறீங்க. தொடுங்க, வேணாங்கல. ஆனா நீங்க கொல்லையில இருந்தாலும் ஓடணும், ஊர்லயே இல்லைன்னாலும் ஓடணும். ஆயுத பூசைக்குள்ள அப்படி ஓடுனா அதுக்குப் பொட்டு வைக்கறன். இல்லன்னா புதுசுக்குத்தான் பொட்டு.”

எனக்கு மூக்கு உடைபட்ட மாதிரி இருந்தது. ஓடுகிறதா இல்லையா என்பதுதான் இத்தனை வருஷமும் என் கேள்வி. யார் கைக்கு என்று யாரும் கேட்டதில்லை. கோபத்தில் களியை அள்ளி வாயில் போட்டுச் சுட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மெஷினுக்குள்ளிருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, துணிகளை அள்ளிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன். கல் எங்கள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. கல்லைப் போட்டபோது அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அப்போது அதில் துவைத்தது நான் இல்லை.

முதல் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்தார்கள். சந்தைக்குப் போகிற ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்து, என் கையில் இருப்பது புடவைதானா என்று சரிபார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பக்கத்துக் கொல்லைக்காரன் டிராக்டரையே நிறுத்திவிட்டான். எனக்கு மச்சான் முறை.

“என்னா மாமா, அக்கா ஊருக்குப் போயிருக்குதுங்களா?”

“வூட்லதான் இருக்கறா.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“நல்லா இருக்கறா. அங்க பாரு, வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறா.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் வாசல் கட்டிலில் உட்கார்ந்து அவனுக்குக் கையை ஆட்டினாள். டிராக்டர் அப்புறம் கிளம்பியது. சாயந்திரத்துக்குள் ஊரில் இதற்கு மூன்று கதைகள் ஓடின. ஒன்றில் நான் சீட்டாட்டத்தில் தோற்றிருந்தேன்.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். பிழிவதைத்தான் தாங்க முடியவில்லை. நனைந்த காட்டன் புடவையின் கனம் எனக்கு அதுவரை தெரியாது. ஒரு முனையைத் தொட்டிக் குழாயில் சுற்றி, மறுமுனையை இரண்டு கையாலும் முறுக்கினால் தண்ணீர் கொட்டும். விட்டால் திரும்பச் சுழன்று முழங்கையில் அடிக்கும். மூன்றாம் நாள் காலையில் சட்டைப் பித்தானைப் போட விரல் மடங்கவில்லை. முறியாத கைக்கே இப்படி. பிளேட் வைத்த கையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், நான் பார்க்காத நேரத்தில் இவள் தன் துணியைப் பிழிந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்போது ‘சொன்னா கேக்க மாட்டா’ என்று மட்டும் நினைத்தேன். இப்போது கல்லின் மேல் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து மீதித் துணியையும் பிழிந்தேன். இந்த மெஷினை ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று கல்லிலேயே முடிவு செய்தேன்.

அன்றைக்கு மதியமே அதைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினேன். முதுகுப் பக்கத் தகட்டில் ஸ்க்ரூக்கள் எல்லாம் எங்கள் போர் தண்ணீரின் உப்பில் வெள்ளை பூத்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தகடு விலகியதும் உள்ளேயிருந்து பொரி கொட்டியது.

பொரிதான். ஆயுத பூசைப் பொரி. பொட்டுக்கடலை, வெல்லத் தூள், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழ மூடி ஒன்று காய்ந்து சுருங்கி. அதோடு கிழித்த துணி, பிளாஸ்டிக் தூள், எலிப் புழுக்கை. எலி ஒன்று உள்ளே குடித்தனமே நடத்தியிருக்கிறது.

வருஷா வருஷம் பூசைக்கு மண்வெட்டி, கொடுவாள், மருந்தடிக்கிற மெஷின், மொபெட், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். வாஷிங் மெஷினுக்குப் பட்டன் வரிசைக்கு மேலே மூன்று பொட்டு. அதன் தலையிலேயே ஒரு கைப்பிடிப் பொரி கடலை, எலுமிச்சம்பழம். மறுநாள் துடைக்கும்போது பாதி கையில் வரும், பாதி பின்பக்க இடுக்கில் விழும். சாமிக்கு வைத்ததுதானே என்று யாரும் அதைத் தோண்டி எடுப்பதில்லை. எலிக்கு அந்த யோசனை இருந்திருக்கிறது. பொரி சலித்த பிறகு ஒயரைக் கடித்துப் பார்த்திருக்கிறது.

“இங்க வா” என்று நான் அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். எலுமிச்சம்பழ மூடியை எடுத்து முகர்ந்தாள்.

“நான் வச்சதுதான்” என்றாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “நல்லா இருக்கணும்னுதான வச்சன்” என்று சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டது எலிக் குடும்பத்தின் பேச்சாக இருக்கும் என்று நான் சொன்னதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒயரைப் பார்த்தால் சிரிப்பு போய்விட்டது. ஒரு கத்தையே அறுந்து கிடந்தது. ஆனால் அறுந்த ஒயரை எனக்குத் தெரியும். போர் மோட்டாரைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் நாங்களே கேபிளுக்கு ஜாயிண்ட் போடுகிறவர்கள். அது தண்ணீருக்கு அடியிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, தண்ணீர் புகாத டேப்பை இறுக்கிச் சுற்றினேன். நிறம் வெளுத்துப்போன இரண்டு ஒயர்களுக்கு மட்டும் அரை நாள் ஆனது. அடியில் எலி நுழைந்த வழியைக் கோழிக்கூண்டுக் கம்பிவலையால் அடைத்தேன். பிளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. முட்டி ஒத்துழைக்காததால் குதிக்கவில்லை.

துவைத்தது, அலசியது. சுற்றிப் பிழிகிற கட்டம் வந்ததும் பீப் பீப் என்று கத்திக்கொண்டு நின்றது. மூடி திறந்திருக்கிறதாம். மூடியிருந்தது. மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. மூடினால் அதன் நாக்கு அமுங்கும், அப்போதுதான் மெஷின் வேகமாகச் சுற்றும். அந்த நாக்கை எலி மென்று வைத்திருந்தது.

எனக்கா வழி தெரியாது? மூங்கில் குச்சியைச் சீவி அந்த இடுக்கில் செருகினேன். மூடியின் இடது மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். மெஷின் தயங்கித் தயங்கிச் சுற்றி, அப்புறம் வேகம் பிடித்தது. வேகம் பிடித்த பிறகு கையை எடுத்துவிடலாம். பிரமாதமாக ஓடியது.

“பாரு” என்றேன்.

அவள் வந்தாள். அடுத்த துணியைப் போட்டு அவளே எல்லாப் பட்டனையும் அமுக்கினாள். கட்டம் வந்தது, பீப் அடித்தது. குச்சியைச் செருகினாள். மூலையில் வலது கையை வைத்து அழுத்தினாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கையை எடுத்து இடுப்பில் ஒருமுறை உதறினாள். இடது கையால் அழுத்திப் பார்த்தாள், குச்சி நழுவி விழுந்தது. தண்ணீர் சொட்டுகிற துணியை அன்னக்கூடையில் எடுத்துப் போட்டு, கூடையை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குப் போனேன்.

காரிமங்கலத்து எலக்ட்ரிக் கடையில் விசாரித்தால், “அந்த ஸ்விட்சுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் ஒண்ணாச் சேத்துடுங்க, வேலை முடிஞ்சுது. மூடி தெறந்திருந்தாலும் ஓடும்” என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒயரின் தோலைச் சீவுகிற வரைக்கும் போய்விட்டேன். எளிய வழி. அவள் கைக்கும் ஓடும். ஆனால் அவளுக்கு அவசரம் அதிகம். சுற்றி முடிவதற்குள் மூடியைத் திறந்து புடவையை இழுக்கிற ஆள். சுற்றுகிற மெஷினில் புடவை கையைச் சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே கத்தியைக் கீழே வைத்தேன். சீவிய ஒயருக்கு டேப்பைச் சுற்றிவிட்டு எழுந்தேன்.

தருமபுரிக்கு பஸ் ஏறினேன். கடை கடையாகக் கேட்டேன். மாடலைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள், சிலர் அனுதாபப்பட்டார்கள், எல்லோரும் புதுசு ஒன்றைக் காட்டினார்கள். வெயில் ஏறிய நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே வாஷிங் மெஷின்கள் வரிசையாக நின்றன, பாதி என்னுடையதைவிடப் புதுசு. சிலவற்றின் மேல் ஒட்டின ஸ்டிக்கர்கூட உரியவில்லை. என் மெஷினின் கம்பெனியே மூன்று இருந்தது, மூடி அதே மூடி.

கடையை நடத்துகிறவர் ஒரு அம்மா. தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தனியாக் கழட்டித் தர்றதில்லீங்க. எடுத்தா முழுசா எடுங்க.”

“முழுசா ஒண்ணு வூட்ல இருக்குதுங்க. எனக்கு மூடி ஸ்விட்ச் மட்டும் போதும்.”

“அதுக்கு ஒக்காந்து கழட்ட இங்க ஆளு இல்லீங்க. மோட்டாரைக் கழட்டவே ஆளு வராம நின்னுக்கிட்டு இருக்குது.”

“மோட்டாரை நான் கழட்டித் தர்றன். ஸ்விட்சை எனக்குக் குடுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதைப் பார்த்தபிறகு, “ஸ்பேனர் அந்த டப்பாவுல இருக்குது” என்றார்.

மூன்று மெஷின்களிலும் மோட்டாரைக் கழற்றினேன். கழற்றக் கழற்ற எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒன்றில் தண்ணீர் வெளியேறுகிற பம்ப்பில் ஒரு ஹேர்பின் சிக்கியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இன்னொன்றில் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. மூன்றாவதில் என் வீட்டுக் கதையே, எலி. மூன்றும் சாகவே இல்லை. வயசாகிவிட்டது என்று யாரோ சொல்ல, யாரோ நம்பித் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல நாக்குள்ள ஸ்விட்சுகள் இரண்டு கிடைத்தன. அந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்து, “வாரத்துக்கு ஒருக்கா வர்றீங்களா?” என்று கேட்டார். ஸ்விட்சுகளைக் கைக்குட்டையில் முடிந்து, பையில் போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அன்று சாயந்திரமே மாட்டினேன். ஸ்க்ரூ ஓட்டை ஒரு நூல் அளவுக்குத் தள்ளி இருந்தது. கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினால் நிற்கும். மூடியை மெதுவாக மூடினால் நாக்கு சரியாக உட்காரும். கட்டியே விட்டேன். மெதுவாக மூடினேன். ஓடியது. ‘மெதுவா மூடு’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மின்விசிறியை ‘இடமிருந்து வலமாத் தள்ளு’ என்று சொன்னதும் இப்படித்தான். குழாயை ‘லேசாத் தூக்கு’ என்றதும் இப்படித்தான். எல்லா ரிப்பேரையும் முக்கால்வாசி செய்துவிட்டு, மீதிக் கால்வாசியை நான் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். நல்லவேளை, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

கம்பியை அறுத்துப் போட்டேன். பக்கத்துக் கொல்லை மச்சானிடம் டிரில் மெஷின் வாங்கி வந்து புதிதாக ஓட்டை போட்டு, நட்டு போல்ட்டு வைத்து முறுக்கினேன். பிறகு மூடிப் பார்த்தேன். இடது கையால் மூடினேன். ஒரு விரலால் தள்ளி விழவிட்டேன். கையில் கூடை இருந்தால் அவள் செய்வதுபோல முழங்கையால் இடித்து மூடினேன். என் மேல் கோபமாக இருக்கும்போது அவள் எப்படி மூடுவாளோ அப்படி ஓங்கி அடித்தும் மூடினேன். எல்லாவற்றுக்கும் நாக்கு டக் டக்கென்று அமுங்கியது. சுற்றுகிறபோது மூடியைத் தூக்கினேன், மரியாதையாக நின்றது. சுவரோரம் தள்ளி வைத்து, நாலு காலும் தரையில் சரியாக உட்காரும்படி திருகிவிட்டு, கூட்டித் துடைத்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் போட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

மறுநாள் ஆயுத பூசைக்கு முந்தின நாள். சாமந்திக்கு அன்றைக்குத்தான் கிராக்கி. விடிவதற்குள் கொல்லையில் இறங்கிப் பூப்பறித்துக்கொண்டிருந்தேன். பூசைக்கு வீடு கழுவுகிற நாள் என்பதால், திரைச்சீலையிலிருந்து தலையணை உறை வரைக்கும் அவள் கழற்றிப் போடுவாள் என்பது தெரியும். வீட்டின் பின்பக்கம் எனக்கு நாலு வரப்புத் தள்ளித்தான். மெஷினில் தண்ணீர் விழுகிற சத்தம் லேசாகக் கேட்டது. துவைக்கிற சத்தம். தண்ணீர் வெளியேறுகிற சத்தம். பூவைப் பறிக்காமல் நின்றேன். இப்போது சுற்ற வேண்டும். ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. பீப் அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சர்ரென்று சத்தம் ஏறியது, ஏறி ஒரே சீராக நின்றது.

கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஓடுகிறது என்று சொல்லவாவது. கூப்பிடவில்லை. முடிந்ததும் மெஷின் தன் பாட்டைப் பாடியது, மூடி திறக்கிற சத்தம் கேட்டது, மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது. அடுத்த ஈடு துணி. அதற்கும் கூப்பிடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக அந்தக் கூப்பாட்டுக்கு அலுத்துக்கொண்டே ஓடியவன் நான். அது வராமல் போனபோது, இனி எதற்காகத்தான் கூப்பிடுவாள் என்று ஒரு சின்னப் பிள்ளைத்தனமான வருத்தம் வந்தது. அதை யாரிடம் சொல்வது? கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்த நேரத்தில் குரல் வந்தது.

“ஏங்க, இங்க வாங்க.”

பூக்கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது. ஸ்விட்சா, ஜாயிண்ட் விட்டுப்போனதா, இன்னொரு எலியா? வரப்பில் கால் தடுக்கியது. கொடி முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. திரைச்சீலை, ஜமக்காளம், அவள் புடவைகள், ஒன்றிலும் தண்ணீர் சொட்டவில்லை. பின்கட்டில் மெஷினைத் தாண்டும்போது கவனித்தேன். பட்டன் வரிசைக்கு மேலே சந்தனமும் குங்குமமுமாக மூன்று பொட்டு, ஈரம்கூடக் காயாமல். மறுநாள் வைக்க வேண்டியது. பொரி, மூடி போட்ட ஒரு டப்பாவில் பக்கத்து அலமாரியில் இருந்தது.

அவள் அடுப்படியில் நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

“எது நின்னுபோச்சு?”

அவள் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள்.

“எதுவும் நிக்கலீங்க. டீ ஆறிப்போவுது, அதான் கூப்ட்டன்.”